பாசிக்கு ஓய்வுக் காலம்

மே 6, செவ்வாய். சென்னை

தேர்வான பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. திட்டத்தின் பெயர் 'சுற்றுச்சூழல் அறிவியல் தொடர்பியல் மற்றும் சமூகப் பங்கேற்புக்கான இளநிலை மாணவர் கோடைக்கால நல்கை'. இதை ஒரே மூச்சில் சொன்னதால்தான் நேர்காணலில் தேறினேன் என்று நினைக்கிறேன். நடத்துவது அலைமொழி அறக்கட்டளை. ஆளுக்கொரு நீலச் சட்டை, மூங்கில் பேனா, துணிப்பை கொடுத்தார்கள். துணிப்பை ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

இயக்குநர் டாக்டர் சபரிநாதன் ஒரு மணி நேரம் பேசினார். விஞ்ஞானிகளிடம் தரவு இருக்கிறதாம், மக்களிடம் உணர்வு இருக்கிறதாம், நடுவில் நாங்கள் பாலமாம். பாலத்தின் மேல் யார் நடப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். முதல் நாளே வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

வாரம் ஒருமுறை 'பிரதிபலிப்புக் குறிப்பு' எழுதி அனுப்ப வேண்டும். அதில் 'நான் கற்றுக்கொண்டேன்' என்பது மூன்று முறையாவது வந்தால் நல்லது என்று போன வருடத்து மாணவி ஒருத்தி காதில் சொன்னாள். சரி, அது அவர்களுக்கு. இந்த நோட்டு எனக்கு. இதில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

மே 9, வெள்ளி. கொம்படித்துறை

ராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். கடைசி நிறுத்தம். எனக்குத் துணை ரித்விக், சென்னைக் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறவன். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், முகத்துக்கு நான்கு விதமான க்ரீம். அவனுக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் இடம். எனக்கு ராக்கு அக்கா வீடு.

ராக்கு அக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். இங்கே பாசி எடுக்கும் பெண்கள் குழுவின் தலைவி. பதினான்கு பேர் கொண்ட குழு. கடலில் நீந்திப்போய், மூழ்கி, பாறைகளில் வளரும் கடல்பாசியைக் கையால் பறித்து வருவதுதான் தொழில். அதைக் காயவைத்து விற்கிறார்கள். ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்கும் மாத்திரை உறைக்கும் அது போகிறது. பவளப் பாறைகளைச் சேதப்படுத்தாமல் பாசி எடுப்பது எப்படி என்று இவர்களுக்குக் கற்பிக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

"நீச்சல் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் மாவட்டப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கியிருக்கிறேன் என்றேன். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

மே 12, திங்கள்

விழிப்புணர்வுக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் சாதனை. இன்று முன்தேர்வு. ஆறாவது கேள்வி: 'நீங்கள் கடலை எவ்வளவு நேசிக்கிறீர்கள்? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுக.' ஐந்து என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று ராக்கு அக்கா கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அப்படியானால் ஐந்தே போட்டுக்கொள்ளச் சொன்னார். பஞ்சவர்ணம் என்ற இன்னொரு அக்கா, நேற்றுக் கடலோடு சண்டை, அதனால் இரண்டு போடு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு என்றே போட்டேன்.

மே 14, புதன்

ஃப்ளெக்ஸ் கட்டிக் கூட்டம் நடத்தினோம். 'பவளப் பாறைகள்: கடலின் மழைக்காடுகள்.' படத்திலிருந்த மீன் எந்த ஊர் மீன் என்று கேட்டார்கள். சென்னையில் அச்சடித்தது, எனக்கு எப்படித் தெரியும்?

இரும்புக் கரண்டியால் பாசியைச் சுரண்டக் கூடாது என்றேன். அதை விட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது என்றார்கள். வேரோடு பிடுங்கக் கூடாது, நுனியைத்தான் பறிக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்கள். ஆண்டில் சில மாதமாவது பாசிக்கு ஓய்வு தர வேண்டும் என்றேன். ராக்கு அக்கா மெதுவாகச் சொன்னார்:

"இப்ப அதுக்கு ஓய்வுதான் பாப்பா. சித்திரை பாதியில விட்டோம்னா ஆனியிலதான் எறங்குவோம். நாங்களே போட்ட கட்டு. மொளைக்கிற காலத்துல கை வச்சா அடுத்து என்னத்தப் பறிக்க?"

பாசி எடுப்பதற்கான அடையாள அட்டை வாங்கும்போது இந்தக் கட்டுப்பாட்டை அலுவலகத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார்களாம். அதற்கு மேல் நான் வைத்திருந்த பதினோரு ஸ்லைடுகளையும் வேகமாகத் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தேன். பிரதிபலிப்புக் குறிப்பில் 'சமூகத்தின் மரபறிவிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். ஒன்று முடிந்தது, இன்னும் இரண்டு.

மே 17, சனி

ட்ரோனைக் காகங்கள் துரத்தின. இந்த வாரத்தின் ஒரே நல்ல நிகழ்ச்சி.

மே 20, செவ்வாய்

சபரிநாதன் சார் போனில் பேசினார். ஜூன் 5 விழாவில் ஒவ்வொரு குழுவின் ரீலும் திரையிடப்படும். சிறந்ததற்குப் பரிசு, அடுத்த ஆண்டு வெளிநாட்டுக் கருத்தரங்கில் இடம். மலைக்குப் போன குழுவுக்கு யானை கிடைத்துவிட்டதாம். குட்டியோடு. எங்களிடம் இருப்பது கரையில் உட்கார்ந்து வலை பின்னும் பதினான்கு பெண்கள். நீருக்கடியில் காட்சி இல்லாமல் கடலைப் பற்றி என்ன பேசுவது என்று சார் கேட்டார். மக்களோடுதான் இருக்கிறீர்கள், மக்களிடம் கேளுங்கள் என்றார்.

மே 22, வியாழன்

ராக்கு அக்காவிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றார். கொஞ்சம் பேசிப் புரியவைத்தேன். அவரும் இன்னும் மூன்று பேரும் சனிக்கிழமை வருகிறார்கள். சமூகப் பங்கேற்பு என்பது இதுதான்.

மே 24, சனி

விடிந்ததும் படகில் போனோம். அக்காக்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டார்கள். பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டார்கள். நீந்தும்போது அது துடுப்பு மாதிரி. சேலைக்கு மேல் பழைய சட்டை. ரித்விக் வாய் பிளந்து நின்றான். யானையெல்லாம் எந்த மூலைக்கு!

அவர்கள் சும்மா மூழ்கி எழுந்தால் போதும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தேன். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் எழுந்தால் படம் வெறிச்சென்று இருந்தது. கொஞ்சமாகப் பறித்துக் காட்டச் சொன்னோம். பஞ்சவர்ணம் அக்கா ராக்கு அக்காவைப் பார்த்தார். ராக்கு அக்கா இரண்டு பிடி பறித்தார். மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது, வெளிச்சம் சரியில்லை. அப்புறம் இன்னொரு தடவை.

நானும் இறங்கினேன். நீரோட்டம் இருந்தது. நடுவில் ஒரு பாறைமேல் நின்று சற்று மூச்சு வாங்கிக்கொண்டேன். மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மே 29, வியாழன்

நாள் முழுக்க எடிட்டிங். நாற்பத்தேழு வினாடி. ராக்கு அக்காவின் முகம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வரும் காட்சி பிரமாதம். ஆனால் அழகு மட்டும் போதாதாம், பிரச்சினை வேண்டும் என்கிறான் ரித்விக். உடைந்த பவளத்தின் நெருக்கக் காட்சி ஒன்று வைத்திருந்தான். அக்காவின் காலிலிருந்து நேராக அந்தக் காட்சிக்கு வெட்டினான். வெட்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தக் காட்சியை எங்கே எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

வாசகம் என்னுடையது. 'ஒவ்வொரு அடியிலும் நொறுங்கும் ஒரு காடு.' மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன். சென்னை

முதல் பரிசு. யானைக்கு இரண்டாம் இடம். குளிர்சாதன அரங்கில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். 'களத்தின் குரல்' என்றார் சபரிநாதன் சார். பரிசாக ஒரு மரக்கன்று, தொட்டியோடு. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விடுதி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு. கொம்படித்துறை

பின்தேர்வுக்காக நானும் ரித்விக்கும் திரும்பி வந்திருக்கிறோம். ரீலை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கருத்துப் பெட்டியில், இவர்களைக் கடலுக்குள் விடவே கூடாது, ஜெயிலில் தள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ராக்கு அக்காவிடம் காட்டலாமென்று போனை எடுத்தேன். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். சோறு போட்டார். குழம்பும் ஊற்றினார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்வதுதான் வழக்கம், இன்று உட்காரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அட்டை கொடுத்த அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஓய்வுக் காலத்தில் பாசி எடுத்ததற்கும் பவளத்தை உடைத்ததற்கும் ஆதாரம் இருக்கிறதாம். ஆதாரம் என்னுடைய ரீல். பதினான்கு பேரின் அட்டைகளையும் வாங்கிக்கொண்டார்கள். மூழ்கும்போது போடும் முகக் கண்ணாடி, பாசி போடும் பைகள், அந்த அலுமினியத் தட்டுகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். அட்டை இல்லாமல் ஆனியில் கடலில் இறங்க முடியாது.

ஒரு அதிகாரி என் சட்டையிலிருந்த அறக்கட்டளைச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று கைகுலுக்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 11, புதன்

சபரிநாதன் சாருக்குப் போன் செய்தேன். மூன்று லட்சம் இப்போது ஐந்து லட்சமாகிவிட்டது, கவனித்தாயா என்று கேட்டார். நான் அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். கொள்கை அளவில் மாற்றம் வருவதுதான் நம் திட்டத்தின் நோக்கமே என்றார். எதற்கும் யாருக்கும் பதில் எழுத வேண்டாம், விசாரணையன்று தானே வருவதாகச் சொன்னார்.

ரித்விக் ரீலை நீக்கிவிட்டான். அதற்குள் இருபது பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் சோகப் பாட்டு சேர்த்திருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

அலுவலகத்தில் விசாரணை. ஒரு பக்கம் ராக்கு அக்காவும் பஞ்சவர்ணம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். மறு பக்கம் நாற்காலியில் நானும் சபரிநாதன் சாரும். எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள்.

அதிகாரி போனில் ரீலை ஓடவிட்டு ராக்கு அக்கா முன்னால் நீட்டினார்.

"இது நீங்கதானா?"

"நான்தாங்கய்யா."

"ஓய்வுக் காலம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு எதுக்கு எறங்குனீங்க?"

ராக்கு அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரு தடவைதான்.

"எறங்கிட்டோங்கய்யா. தப்புதான்."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதனால் நானும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லித்தான் இந்த நோட்டை ஆரம்பித்தேன். மே 22, மே 24 இரண்டு பக்கங்களையும் இப்போது படித்தேன். பிரதிபலிப்புக் குறிப்பே தேவலாம்.

மே 22 அன்று ராக்கு அக்கா ஒரு தடவை அல்ல, மூன்று தடவை முடியாது என்றார். இந்த வீடியோ இல்லாவிட்டால் கல்லூரியில் எனக்குப் பட்டம் தர மாட்டார்கள் என்று நான் சொன்னேன். பச்சைப் பொய். அழவும் செய்தேன். அழுகை வராததால் ஊரிலிருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டு அழுதேன். அவர், "எம் மக படிப்பு பாதியில நின்னு போச்சு. உன்னுது நிக்க வேணாம்" என்றார். பஞ்சவர்ணம் அக்கா வேண்டாம் வேண்டாமென்று தடுத்ததையும் நான் எழுதவில்லை.

மே 24 அன்று நான் மூச்சு வாங்க நிற்கவில்லை. பயந்துபோய்க் கையும் காலும் உதறி, எது கிடைத்ததோ அதில் ஏறி நின்றேன். மாவட்டத்தில் மூன்றாம் இடம் வாங்கிய நீச்சல், ஓரத்தில் கம்பி உள்ள குளத்தில் வாங்கியது. "கல்லு மேல நிக்காத பாப்பா, காலை மடக்கு, நான் புடிச்சிருக்கேன்" என்று ராக்கு அக்கா கத்தினார். எனக்குக் காது கேட்டது, கால் கேட்கவில்லை. காலடியில் நொறுங்குவது தெரிந்தது. அவர்தான் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். ரித்விக் நெருக்கமாக எடுத்தது அந்த இடத்தைத்தான். அவன் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குத் தெரியும். எடிட்டிங் அன்றே தெரியும்.

அவர் இருபத்தைந்து வருடமாக மிதிக்காத பாறையை நான் ஒரு நிமிடத்தில் உடைத்தேன். அதை அவர் காலுக்குக் கீழே ஒட்டவைத்து, மேலே ஒரு வாசகமும் எழுதிப் பரிசு வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெட்டாத பதிவு முழுவதும் உள்ள மெமரி கார்டை ரித்விக்கிடம் கேட்டேன். தர மறுத்தான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான், பெயர் கெட்டுவிடுமாம். பதினான்கு பேர் பிழைப்பு என்றேன். நீதானே அழுதாய், நீதானே வாசகம் எழுதினாய் என்றான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவனுக்குச் சண்டை போட வழியில்லாமல் போயிற்று. மாலைப் பேருந்துக்குக் கிளம்பும்போது கார்டை என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கையில் கொடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

அந்தச் சட்டையைப் போடாமல் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முழுப் பதிவையும் போட்டுக் காட்டினேன். 'இன்னொரு தடவை அக்கா, வெளிச்சம் சரியில்லை' என்று என் குரல் அறை முழுக்கக் கேட்டது. நான்கு தடவை. நான் பாறையில் நிற்பது, ராக்கு அக்கா கத்துவது, எல்லாம் தெளிவாக இருந்தது.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன்: 'நான் பொய் சொல்லிக் கேட்டதால் அவர்கள் இறங்கினார்கள். பவளம் என் காலில் உடைந்தது.' அதிகாரி படித்துவிட்டு, அனுமதியில்லாமல் அங்கே இறங்கிப் படம் எடுத்ததற்கு என் மேலும் விசாரணை வரும், புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், திரும்பிப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ராக்கு அக்காவிடம் சொன்னேன். அவர் வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பஞ்சவர்ணம் அக்காதான் பேசினார். "அன்னைக்கே சொல்லிருந்தா நாங்க நாலு பேரும் நின்னுக்கிட்டிருந்திருக்க மாட்டோம்ல" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 19, வியாழன்

திட்டத்திலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். சபரிநாதன் சார் பாராட்டினார். தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சல், நெகிழ்வு, இதெல்லாம் இன்றைய அறிவியல் தொடர்பியலில் அரிதாம். ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம், தலைப்பு 'பிழையிலிருந்து பிறந்த பாலம்'. நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் வேண்டுமாம், நடை நன்றாக இருக்கிறதாம். கூடவே, நானும் ராக்கு அக்காவும் தோளில் கைபோட்டுக் கடலைப் பார்க்கிற மாதிரி, பின்னாலிருந்து ஒரு படம்.

நீருக்கடியில் காட்சி கேட்டது அறக்கட்டளைதான் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தாருங்கள், அதற்கு அப்புறம் படம் பற்றிப் பேசலாம் என்றேன். சட்டப் பிரிவு பார்க்க வேண்டும் என்றார். அறக்கட்டளையில் மொத்தமே ஏழு பேர். சட்டப் பிரிவு யாரென்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அறக்கட்டளையின் இணையதளத்தில் எங்கள் குழுப் பக்கத்தைப் பார்த்தேன். பன்னிரண்டில் பதினோரு பேர் படம்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

பதின்மூன்று அட்டைகள் திரும்பி வந்தன. சாக்கில் கொண்டுபோன சாமான்களும். ராக்கு அக்காவின் அட்டை மட்டும் வரவில்லை. கோப்பில் சேர்த்துவிட்டார்களாம், மேல் விசாரணை முடிய வேண்டுமாம். அம்மா ஊருக்குக் கிளம்பி வா என்கிறாள். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

இன்று அமாவாசை. பாசிக்காரப் பெண்கள் இந்த ஆண்டில் ஓய்வுக்குப் பின் முதன்முதலாகக் கடலில் இறங்கினார்கள். ராக்கு அக்கா கரைவரை வந்து ஒவ்வொருத்தருக்கும் விரல் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். பஞ்சவர்ணம் அக்காவின் காலில் தட்டைத் தன் கையால் கட்டிவிட்டார். படகு போனதும் மணலில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அவராகவே பேசினார்.

"மத்தவளுக மூஞ்சி தெரியலையாம். என் மூஞ்சிதான் நல்லா தெளிவா விழுந்துருச்சாம்ல. ஆபீசுல சொன்னாக. சாட்சிக்கு அதுவே போதுமாம்."

அந்தக் காட்சி பிரமாதம் என்று நான் இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். கையை நீட்டித் தடுத்தார். அதை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று கேட்டார்.

பத்து மணிக்குப் படகு திரும்பியது. பாசியை மணலில் கொட்டினார்கள். சிப்பி, கல், நண்டுக்குஞ்சு எல்லாம் கலந்து கிடந்தது. அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ராக்கு அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டு, எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பொறுக்கினேன். கை முழுக்கக் கீறல். யாரும் என்னை வேண்டாமென்றும் சொல்லவில்லை, நன்றாகச் செய்கிறாய் என்றும் சொல்லவில்லை.

எழுந்தபோது ராக்கு அக்கா கேட்டார்.

"என் கேசுக்கு ஆகஸ்டு பதினொண்ணாம் தேதி காலையில பத்தரைக்குப் போட்டுருக்காக. நீ வந்து சொன்னாத்தான் அட்டை கெடைக்குமாம். வருவியா?"

வருவேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நம்புகிறாரா என்று தெரியவில்லை.

"காலேசு தொறந்தா மறந்துருவ. எழுதி வச்சுக்க."

எழுதிவைக்கிறேன். ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி.